கழித்து எழுதிய ஓரடி

மீட்டர் அக்கா உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தச் சந்தில் குறைவு. டீ குடிப்பதும் நின்றபடிதான், போனில் பேசுவதும் நடந்தபடிதான். பேருந்தில் பாதி இருக்கை காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "உட்காருங்கக்கா, சீட்டு ஒண்ணும் கடிக்காது" என்று யாராவது சொன்னால், "இதோ இறங்கப்போறேன்ப்பா" என்பாள். அவள் இறங்க இன்னும் ஏழு நிறுத்தம் இருக்கும்.

இப்படி ஆனதற்கு வேலையும் ஒரு காரணம். கால்வாய்ப் பாலத்தின் நடுத்தூணில் ஓர் அளவுப் பலகை உண்டு. வெள்ளைப் பலகையில் கறுப்புக் கோடுகள், அடியும் அங்குலமும் போட்டது. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என மூன்று வேளையும் போய், தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நீர் அலுவலகத்தின் நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான். "மூணு மாசத்துக்கு ஒரு ஆள் வேணும், எண் எழுதத் தெரிஞ்சா போதும்" என்று அலுவலகத்திலிருந்து வந்து கேட்டபோது, எட்டாம் வகுப்போடு நின்றுபோயிருந்த இவள் கையைத் தூக்கினாள். கால்வாயில் பாசி அள்ளும் கூலிக்காரரின் மகள், தண்ணீரைக் கண்டு பயமில்லை. அந்த மூன்று மாதம் இருபத்தேழு வருடமாக நீண்டுகொண்டே இருக்கிறது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் அவள் மீட்டர் அக்காதான்.

ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாலத்துக்கு ஓடுகிறவளுக்கு வெளியூர் ஏது, விருந்து ஏது? அவள் வீட்டுக்காரர் தையல்காரர். கையில் ஊசி இல்லாவிட்டால் வாயில் இருக்கும். சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவர்களிடம் அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை ஒன்று உண்டு. "எங்க கல்யாணத்தன்னைக்குப் பன்னெண்டு மணி, பொண்ணைக் காணோம். ஓடிப்போயிட்டான்னு ஆளுக்கு ஒரு பக்கம் பதறுறாங்க. பார்த்தா, ஆறடி நாலு அங்குலம்னு எழுதிட்டு, செருப்பெல்லாம் சேறோட வந்து என் பக்கத்துல நிக்கிறா. நிக்கிறான்னு சொல்றேன் பாருங்க, அன்னைக்கும் உட்காரலை."

அந்தப் பேட்டையும் அவளைப் போலத்தான், ஓரிடத்தில் ஒழுங்காக உட்கார்ந்ததில்லை. கால்வாய் வெட்டிய கூலிகள், வெட்டிப் போட்ட மண்மேட்டின் மேலேயே குடிசை போட்டுக்கொண்டார்கள். மேடு ஓரிடத்தில் உயரம், ஓரிடத்தில் தாழ்வு. வீடுகளும் அப்படியே. உப்பும் செங்கல்லும் விறகும் ஏற்றிய படகுகள் வரத் தொடங்கியதும் கரையோரம் கிடங்குகள் எழுந்தன. கிடங்குகளுக்கு நடுவே சுமை தூக்குகிறவர்களின் வீடுகள், ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தபடி. எல்லா வாசலும் தண்ணீரைப் பார்த்து இருந்தது. பின்னால் முட்செடியும் குப்பையும். பிறகு லாரி வந்தது. குப்பைமேட்டின் மேல் சாலை போட்டார்கள். ஒரே தலைமுறைக்குள் வீடுகள் எல்லாம் முதுகுச் சுவரை இடித்துப் புது வாசல் வைத்தன. பழைய வாசலில் கழிவறை கட்டிக் குழாயைக் கால்வாய்க்குள் விட்டார்கள். சோறு போட்ட தண்ணீருக்கு அந்தப் பேட்டை காட்டிய மரியாதை அது. அதற்கும் பிறகு நகரத்துக்குக் கால்வாயின் மேல் திடீர்ப் பாசம் வந்தது. தூர் வாரினார்கள். எதிர்க்கரையில் நடைபாதையும் விளக்குக் கம்பங்களும் காப்பிக் கடைகளும் வந்தன. அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்களின் கண்ணை இந்தக் கரையில் காயும் துணிகளும் குழாய்களும் உறுத்தின. தையல்காரர் மட்டும், "நல்லா வெளிச்சம் வருது" என்று அடைத்துக் கிடந்த பழைய வாசலை மறுபடி இடித்துத் திறந்து, மிஷினை அங்கே போட்டுக்கொண்டார். அவர் வீட்டுக்கு எது முன்பக்கம் என்று தபால்காரருக்கே குழப்பம்.

இந்தக் கிடங்குச் சந்தில் முப்பத்தெட்டு வீடுகள். அவளுடையது பதினேழாம் எண்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு பகல் வேளையில், தூர் வாரும் படகு ஒன்று திரும்பும்போது தூணில் இடித்து அளவுப் பலகையைப் பெயர்த்துவிட்டது. இரண்டு ஆட்கள் வந்து சாயங்காலத்துக்குள் பலகையைத் திரும்பப் பொருத்தினார்கள். மேல் ஓட்டை உடைந்திருந்ததால் ஓர் அடி கீழே இறக்கி முடுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஆறு மணிக்கு மீட்டர் அக்கா போய்ப் பார்த்தாள். பலகை ஏழடி மூன்று அங்குலம் காட்டியது. மத்தியானம் அவள் எழுதியது ஆறடி மூன்று.

அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை, தூணைப் பார்த்தாள். தூணில் படகு கட்டுகிற பழைய இரும்பு வளையம் ஒன்று உண்டு. வளையம் நனைந்தால் ஏழடி. இது கரையில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அன்று வளையம் காய்ந்து துருவேறிக் கிடந்தது. தண்ணீர் அதற்கு முக்கால் அடி கீழே இருந்தது.

நோட்டின் அட்டையிலேயே விதி அச்சாகியிருக்கிறது. பலகை காட்டுவதை எழுதவும். திருத்தம் அலுவலகத்தைச் சேர்ந்தது. அவள் பேனாவை நோட்டில் வைத்தாள். ஏழு என்று எழுத வரவில்லை. காய்ந்த வளையத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே எப்படி ஏழு எழுதுவது? பொய்க்கணக்கு எழுதுவதற்கா இந்த வேலை? ஓர் அடியைக் கழித்து, ஆறடி மூன்று என்று எழுதினாள். அந்த வாரமே அலுவலகத்துக்குப் புகார்த் தாளும் நிரப்பிக் கொடுத்தாள்: "அளவுப் பலகை ஓர் அடி கீழே பொருத்தப்பட்டுள்ளது. சரிசெய்யவும்." தான் கழித்து எழுதுவதை மட்டும் அதில் எழுதவில்லை. எழுத அதில் இடமும் இல்லை, எழுதத் தோன்றவும் இல்லை.

யாரும் வரவில்லை. அவளும் கழித்துக்கொண்டே இருந்தாள். மூன்று வேளையும், எட்டு வருடம். கழிப்பது கண் சிமிட்டுவது போலப் பழகிவிட்டது.

நடுவில் அந்தப் பெருவெள்ளம் வந்தது, ஆறு வருடத்துக்கு முன். சந்துக்காரர்கள் எல்லோரையும் லாரியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பாலத்தில் மீட்டர் அக்கா மட்டும் நின்றாள். குடை இரண்டு தடவை மடங்கியது. மூன்றாம் தடவை அதைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டாள். பகல் பன்னிரண்டுக்குப் பலகை பதினாறு காட்டியது. பதினைந்து என்று எழுதினாள். இருபத்தேழு வருடத்தில் அவள் எழுதியதிலேயே பெரிய எண் அதுதான். அவள் நின்ற இடத்திலிருந்து சந்து முழுவதும் தெரிந்தது. கால்வாய், கரையைத் தாண்டி, தாழ்ந்த வாசல்களில் எல்லாம் நுழைந்துகொண்டிருந்தது. யாரையும் கேட்காமல், சொந்த வீட்டுக்குள் போவது போல.

நான்கு நாள் கழித்துத் திரும்பியவர்கள் பல வீடுகளுக்குள் கணுக்கால் சேற்றைப் பார்த்தார்கள். சாக்கடை எதிர்த்து அடித்த தண்ணீர் என்று அலுவலகம் சொன்னது. சாக்கடை அந்தச் சந்தில் மாதம் ஒருமுறை எதிர்த்து அடிக்கும் என்பதால் யாரும் கேள்வி கேட்கவில்லை. கால்வாய் வீட்டுக்குள் வரும் என்று நம்பிவிட்டால் அப்புறம் எப்படித் தூங்குவது? மீட்டர் அக்கா சொல்லிப் பார்த்தாள். "போக்கா, நீ குடையைப் பறிகொடுத்த கோபத்துல சொல்றே" என்று சிரித்தார்கள்.

போன வருடம் புது இன்ஜினியர் வந்தான். வந்த வேகத்தில் பலகையைச் சரியான உயரத்தில் பொருத்தினான். அவள் கழிப்பதை நிறுத்தினாள். விஷயம் முடிந்தது என்று நினைத்தாள்.

இந்த வருடம் அறிவிப்பு வந்தது. முப்பது வருடத்தில் வந்த பெரிய வெள்ளம்தான் கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே தரை உள்ள கரையோர வீடுகளை எடுத்துவிட்டுக் கரையை அகலப்படுத்துவார்கள். கோட்டுக்கு மேல் அரை அடி உயரத்துக்குச் சுவர் எழுப்புவார்கள். வீடு போனவர்களுக்கு நகரத்தின் அந்தக் கோடியில், கால்வாயும் இல்லாத, கடையும் இல்லாத ஓரிடத்தில் மாற்று வீடு.

சந்து கொந்தளித்தது. முனையில் இருக்கும் மருந்துக்கடைக்காரர் தலைமையில் குழு அமைந்தது. குழுவுக்கு மனு எழுத ஆள் வேண்டியிருந்தது. மீட்டர் அக்காவின் மகள் இருந்தாள். குடும்பத்திலேயே முதல் பட்டம் அவளுடையது. புவியியல் படித்துவிட்டுக் கூரியர் கம்பெனியில் முகவரி தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். சந்தில் அவளைப் 'பட்டதாரி' என்றே கூப்பிடுவார்கள். அந்த வார்த்தையில் பாதி பெருமை, பாதி கேலி. படித்த படிப்பு எதற்கு, யாருக்கு என்று அவளுக்கே தெரியாமல் இருந்த நேரத்தில் இந்த மனு வந்தது. அலுவலகத்துக்கு எழுதிப் போட்டு, முப்பது வருட அளவுப் பட்டியலை வாங்கினாள். ராப்பகலாகப் பார்த்தாள். ஒரு மத்தியானம் தையல் மிஷின் பக்கத்தில் வந்து குதித்தாள்.

"அப்பா! பெரிய வெள்ளம் பதினாலடிதான்! நம்ம சந்தோட தரை பதினாலரைன்னு அவங்களே அளந்து வெச்சிருக்காங்க. நாம கோட்டுக்கு மேல இருக்கோம்ப்பா. யாரும் நம்மளைத் தொட முடியாது!"

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். "அப்ப என் வெளிச்சம் எனக்குத்தானா?"

"உங்க வெளிச்சம் உங்களுக்குத்தான்."

அப்போது மீட்டர் அக்கா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பதினாலு என்ற எண் காதில் விழுந்தும் மனதில் ஏறவில்லை. மகள் கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"ஒண்ணு மட்டும் புரியலைம்மா. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி, ஒரு நாள், மத்தியானம் ஆறடி மூணு. சாயங்காலம் அஞ்சடி மூணு. ஆறு மணி நேரத்துல ஒரு அடி எப்படி இறங்கும்? மதகு திறந்தாங்களா? உனக்கு ஞாபகம் இருக்கா?"

டம்ளரை வைக்கப் போனவள் வைக்கவில்லை. அஞ்சடி மூணா? அவள் அப்படி எழுதவே இல்லை.

"பட்டியல்ல கீழ ஏதாவது போட்டிருக்கா?" என்று கேட்டாள்.

"ம்... பொடி எழுத்துல. 'பலகை இடம் மாறிய புகாரின் பேரில், இத்தேதி முதல் பலகை சரியாகும் வரை எல்லா அளவிலும் ஓர் அடி கழிக்கப்பட்டுள்ளது.' உன் புகார்தானேம்மா? பார்த்தியா, உன்னாலதான் நம்ம வீடு பிழைச்சது!"

அவள் கழித்ததை அவர்களும் கழித்திருக்கிறார்கள். ஒரே அடியை இரண்டு தடவை. பதினைந்து பதினாலாகிவிட்டது.

மணி மூன்றுதான். "பாலத்துக்குப் போறேன்" என்று கிளம்பிவிட்டாள்.

அடுத்த சில நாள் அவள் கால் தரையில் பாவவில்லை. எட்டு மணிக்கும் பாலத்தில் நின்றாள், பத்துக்கும் நின்றாள். சந்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். கதவுகளில் மகள் எழுதிய மனுவின் நகல் ஒட்டியிருந்தது. "பதிவேடுகளின்படி எங்கள் வீடுகள் பாதுகாப்பானவை." பதிவேடு அவளுடையது. முப்பத்தெட்டுக் கையெழுத்தில் அவள் வீட்டுக்காரரின் கையெழுத்தும் இருந்தது. வழியில் மருந்துக்கடைக்காரர் கும்பிட்டார். "அக்கா, உங்க மகளை மேடையில உட்கார வைக்கணும்." இவள் அங்கிருந்து நழுவி வேகமாக நடந்தாள்.

சொன்னால் என்ன ஆகும்? வீடு போகும். தன் வீடு மட்டுமா, சந்தே போகும். சொல்லாவிட்டால்? பதினாலரை அடிக்குச் சுவர் வரும். அடுத்த தடவை தண்ணீர் பதினைந்தில் வரும்போது சுவரைத் தாண்டி உள்ளே குதிக்கும். தாழ்ந்த இடங்களில் குதித்த தண்ணீர் திரும்பிப் போக அந்தச் சுவரே விடாது. சந்தின் பள்ளமெல்லாம் தொட்டியாகிவிடும். ஏடே பாதுகாப்பு என்று சொல்லும்போது லாரி கொண்டுவந்து யாரையும் ஏற்றவும் மாட்டார்கள். யாருக்கு நல்லது செய்கிறோம் என்று யோசிக்க யோசிக்க அவளுக்கு இரண்டு பக்கமும் இடித்தது. அதைவிடத் தொல்லையான ஒரு கேள்வியும் உள்ளே குடைந்தது. அன்றைக்கு ஏழேகால் என்று, கண்ணை மூடிக்கொண்டு, விதிப்படி எழுதியிருந்தால் இந்த வம்பே இல்லையே. யோக்கியமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு செய்த காரியம்தானே இது? அது யோக்கியமா, திமிரா?

நான்காம் நாள் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் ஒரு கால்சட்டையின் விளிம்பை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கும் வரை மிஷின் நிற்கவில்லை. முடிந்ததும் நின்றது.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு."

"எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்" என்றார். கொஞ்ச நேரம் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். "நீ என்னைக் கேக்க வந்தியா, இல்ல சொல்லிட்டுப் போக வந்தியா?"

"தெரியலைங்க."

"கேக்க வந்திருந்தா, சொல்லாதேன்னுதான் சொல்லுவேன். இருபது வருஷம் குண்டு பல்பு வெளிச்சத்துல தைச்சவன் நான். இப்பத்தான் ஊசிக் காது கண்ணுக்குத் தெரியுது." மறுபடி பெடலில் கால் வைத்தார். "சொல்ல வந்திருந்தா, என்னை ஏன் சாட்சிக்கு இழுக்கறே? போ. பட்டதாரிகிட்ட முதல்ல சொல்லு. அலுவலகத்துல இருந்து தெரிஞ்சா அவ மூஞ்சியில முழிக்க முடியாது."

மகளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் மாடி அறையில் மனுவின் கடைசிப் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். மனுவைக் கொடுக்க வேண்டிய பொது விசாரணைக்கு ஆறு நாள்தான் இருந்தது. அம்மா சொல்வதைக் கேட்கக் கேட்க அவள் விரல் பட்டியலின் மேல் ஊர்ந்தது. அந்த நாளில் போய் நின்றது.

"அதனாலதான் ஒரு அடி இறங்குச்சா?"

"ஆமா."

"நீ ஏன்மா கழிச்சே? உன்னை யாரு கழிக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலை."

"ஒரு இடத்துலகூட 'கழிச்சிருக்கேன்'னு எழுதி வைக்கலையா? ஒரு பொட்டு, ஒரு கோடு?"

"தோணலைம்மா. சரியான எண்ணைத்தானே எழுதுறோம்னு நினைச்சேன்."

"சரியான எண்!" மகள் எழுந்துவிட்டாள். "இருபத்திரண்டு நாள் உட்கார்ந்து எழுதியிருக்கேன். முப்பத்தெட்டு வீட்டுக்காரங்க வாழ்க்கையில முதல் தடவையா என்கிட்ட 'நீ சொல்லு, நாங்க கேக்குறோம்'னு சொன்னாங்க. நான் படிச்சதுக்கு ஒரு அர்த்தம் கிடைச்சுதுன்னு... நீ பேசாம இருந்திருக்கக் கூடாதா?"

"இருந்து பார்த்தேன். நாலு நாள்."

"இன்னும் ஆறு நாள் இருந்திருக்கலாம்ல!"

கத்திவிட்டு, தான் கத்தியது என்ன என்று அவளுக்கே கேட்டதுபோல வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். "என்னை எதுவும் எழுதச் சொல்லாதே. என்னால முடியாது."

"உன்னைச் சொல்லலை. நானே எழுதுறேன்."

எண்களைத் தவிர வேறு எதையும் அவள் எழுதி வருடக்கணக்காகிறது. சமையலறை மேடையில் தாளை வைத்து, நின்றபடி, நான்கு வரி எழுதினாள். மூன்று தாள் கிழிந்தது. நான்காவதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு மணி அளவை எழுதிவிட்டுப் பேருந்து ஏறினாள்.

இன்ஜினியருக்கு முப்பதுகூட இருக்காது. "வாங்கம்மா, உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடிதத்தை இரண்டு தடவை படித்தான். முகம் சுருங்கியது.

"அம்மா, இது நீங்க சொல்றது மட்டும்தான். ஒருத்தர் மனசுக்குள்ள கழிச்சதை நான் எப்படி ஏட்டுல ஏத்துறது?"

"அந்த வருஷத்து நோட்டை எடுக்கச் சொல்லுங்க தம்பி. நீல அட்டை. ஓரம் நனைஞ்சு ஊறியிருக்கும்."

நோட்டு வர அரை மணி நேரம் ஆயிற்று. அவளே புரட்டினாள். படகு இடித்த நாளில் விரல் வைத்தாள். மத்தியானம் ஆறடி மூன்று. சாயங்காலம் ஆறடி மூன்று. இரண்டும் அவள் கையெழுத்து.

"பலகையை ஒரு அடி கீழ இறக்கினா, அது ஒரு அடி கூடத்தானே காட்டணும்? நான் பார்த்ததை அப்படியே எழுதியிருந்தா இங்க ஏழு இருக்கணும். இல்லையே."

அவன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். முந்தைய நாள், அடுத்த நாள், அடுத்த வாரம் எனப் புரட்டினான். எங்கேயும் தாவல் இல்லை.

"நான் இதைப் பார்க்காமலே கழிச்சிட்டேன்" என்று மெதுவாகச் சொன்னான். உடனே குரலை ஏற்றினான். "ஆனா பார்த்ததை எழுதறதுதான் உங்க வேலைம்மா. கழிக்கிறது எங்க வேலை."

"தெரியும் தம்பி."

"தெரிஞ்சும் ஏன் கழிச்சீங்க?"

"வளையம் காஞ்சிருந்துச்சு. காஞ்ச வளையத்தைப் பார்த்துக்கிட்டு ஏழேகால்னு எப்படி எழுதறது?"

அவன் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தான். "இதை மேல அனுப்பினா கோடு ஒரு அடி ஏறும். உங்க சந்து முழுக்கப் பதினாலரை. உங்க வீடு..."

"பதினேழாம் நம்பர்."

"யோசிச்சுத்தானே வந்திருக்கீங்க?"

"சுவரும் ஒரு அடி ஏறும்ல?"

"ஏறும்."

"அப்ப முத்திரையைக் குத்துங்க. எனக்கு ஆறு மணிக்குள்ள பாலத்துக்குப் போகணும்."

விஷயம் அவளுக்கு முன்னால் சந்துக்குப் போய்விட்டது. அலுவலகத்தில் யாருக்கு யார் சொந்தம் என்று யார் கண்டது? அவள் பேருந்திலிருந்து இறங்கும்போது மருந்துக்கடை முன்னால் கூட்டமாக நின்றார்கள்.

"எங்க தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களேக்கா" என்றார் மருந்துக்கடைக்காரர். முன்பு கும்பிட்ட அதே கை இடுப்பில் இருந்தது. "அரசாங்கமே தப்பாப் போட்டு நமக்கு நல்லது பண்ணியிருக்கு. அதைப் போய் யாராவது திருத்துவாங்களா?"

"அப்பாடா, இப்ப நிம்மதியாத் தூக்கம் வருமாக்கா?" என்றாள் ஒன்பதாம் எண் வீட்டுக்காரி. கேலிதான். ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது.

மீட்டர் அக்கா ஆறு மணி அளவை எழுதப் பாலத்துக்கு நடந்தாள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் பகல் பன்னிரண்டுக்குப் பாலத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நிழல் விழுந்தது. மகள். ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தவள், தோளில் கண்ணாடி போலத் தெளிந்த ஒரு நீளமான குழாய்ச் சுருளைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் டியூப்.

"இது யாருது?"

"முப்பத்தோராம் நம்பர் கொத்தனாரோடது. கேட்டேன், குடுத்தார். திட்டிக்கிட்டேதான் குடுத்தார்." மூச்சு வாங்கினாள். "அம்மா, சந்து முழுக்கப் பதினாலரைன்னு எப்படிச் சொல்றாங்க? நேத்து ராத்திரி அவங்க வரைபடத்தைப் பார்த்தேன். சந்தோட ரெண்டு முனையில மட்டும் அளந்திருக்காங்க. நடுவுல இருக்கிற வீட்டை ஒருத்தரும் அளக்கலை. எல்லா வீட்டுத் தரையும் ஒரே உயரமா என்ன?"

"எப்படி இருக்கும்? மண்மேட்டு மேல கட்டினது. இருபத்தஞ்சாம் நம்பருக்கு நாலு படி ஏறணும், பதினொண்ணுக்கு ஒரு படி இறங்கணும்."

"அப்ப எல்லா வீடும் போகாது. சிலது நிக்கும். எது எதுன்னு நாம அளந்து குடுத்தா, விசாரணையில அவங்க தள்ள முடியாது." டியூபைத் தோளிலிருந்து இறக்கி, "ஆனா அளக்கிறதை அப்படியே எழுதணும். கூட்டவும் கூடாது, கழிக்கவும் கூடாது" என்றாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

டியூபில் தண்ணீர் நிரப்பினார்கள். ஒரு முனையைப் பலகையின் பதினைந்தாம் கோட்டில் மகள் பிடித்துக்கொண்டாள். மறுமுனையைச் சந்து முனையின் விளக்குக் கம்பம் வரை மீட்டர் அக்கா கொண்டுபோய், தண்ணீர் அசைவு நிற்கும் வரை காத்திருந்து, சாக்கட்டியால் கோடு போட்டாள். அந்தக் கோட்டிலிருந்து அடுத்த சுவர், அந்தச் சுவரிலிருந்து அடுத்த வாசல். வெயில் மண்டையைப் பிளந்தது.

முதல் நான்கு கதவும் திறக்கவில்லை. இரண்டாவது வீட்டில் உள்ளிருந்து, "அளந்தது போதும்!" என்று சத்தம் மட்டும் வந்தது. ஐந்தாம் எண்ணில் ஒரு தாத்தா திறந்தார். கோட்டுக்கு இரண்டு அங்குலம் கீழே. "ரெண்டு அங்குலத்துக்கா ஒரு வீடு?" என்று கேட்டார். அவர் கேட்டது அவளைப் பார்த்து அல்ல. டியூபில் நின்ற தண்ணீரைப் பார்த்து. மகள் எழுதிக்கொண்டாள்.

ஒன்பதாம் எண்ணில் நேற்றுக் கேலி செய்தவள் கதவைப் பாதி திறந்து நின்றாள். தண்ணீர் நிலைப்படிக்கு மூன்று அங்குலம் கீழே போய் நின்றது.

"அப்படின்னா?"

"நீங்க கோட்டுக்கு மேலக்கா. உங்க வீடு நிக்கும்."

அவள் இரண்டு கையையும் தட்டிக் குதித்தாள். குதித்துவிட்டு, பக்கத்து வீட்டு வாசலில் நிற்கிறவர்களைப் பார்த்துச் சட்டென்று அடங்கி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "டீ போடட்டுமா?" என்று கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

அதன் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நல்லெண்ணத்தில் அல்ல, தெரிந்துகொள்ளும் பதைப்பில். பதினைந்தாம் எண்ணில் எலக்ட்ரீஷியன் நான்கு அங்குலம் கீழே என்றதை ஏற்கவில்லை. "டியூப்புல காத்துக் குமிழி இருக்கும், மறுபடி பாருங்க" என்றார். குமிழியைத் தட்டித் தட்டித் தேடினார்கள். இல்லை. மறுபடி அளந்தார்கள். நான்கு அங்குலம். மூன்றாம் தடவை அவரே டியூபைப் பிடித்தார். நான்கு அங்குலம். டியூபைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் பின்னால் போய் ஏதாவது சொல்லலாமா என்று அவளுக்குத் தோன்றியது. கால் மட்டும் வாசலில் முன்னும் பின்னும் போய்வந்தது.

பதினேழு. தையல்காரர் மிஷினை நிறுத்தாமலே, டியூப் போவதற்குக் காலைத் தூக்கிக்கொண்டார். மகள் ஒரு முனையில் சுவரோடு கண்ணை ஒட்டி நின்றாள். மீட்டர் அக்கா மறுமுனையை நிலைப்படியில் வைத்தாள். தண்ணீர் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. நின்ற இடம் நிலைப்படிக்கு மேலே. அடிக்கோலை வைத்துப் பார்த்தாள்.

"அஞ்சு அங்குலம் கீழ" என்றாள்.

மகளின் பேனா தாளின் மேல் நின்றது. வெளியே மூன்று நான்கு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் வீட்டுக்கு என்ன வருகிறது என்று பார்க்கவே வந்தவர்கள்.

"எழுதும்மா" என்றார் தையல்காரர், தலையை நிமிர்த்தாமல். "அளவு எடுத்த பிறகு துணியைத் திட்டி என்ன பண்றது?"

மகள் எழுதினாள். எழுதியதைத் தாளோடு திருப்பி வாசலில் நின்றவர்களுக்குக் காட்டினாள். மருந்துக்கடைக்காரர் அருகே வந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். நகர்ந்து வழி விட்டார்.

"இன்னும் இருபத்தோரு வீடு இருக்கும்மா" என்றாள் மகள். டியூபைச் சுருட்டித் தோளில் போட்டாள். தண்ணீர் டியூபுக்குள் குலுங்கியது. குலுங்கும் தண்ணீரில் அளக்க முடியாது. இருவரும் பதினெட்டாம் எண்ணின் வாசலில் அது அடங்கும் வரை நின்றார்கள். உள்ளே யாரோ தாழ்ப்பாளில் கை வைக்கும் சத்தம் கேட்டது. திறக்கிறார்களா, போடுகிறார்களா என்று வெளியிலிருந்து சொல்ல முடியவில்லை.